தோற்றால் மூட்டைதான்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச் மாத தேசியத் தொடர்தானே பெரிது? அதற்கு முன் ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்குள்ளும், அதாவது கல்லூரிக் குழுமத்துக்குள்ளும், நடக்கும் போட்டிகளுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

பதில்: பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தைத் திறந்தவனும் முதல் வகுப்பில் தேறக்கூடிய ஒரே வாரம் அது! கோப்பையை வென்றால் தேசியத் தொடரில் நேரடி இடம். பழைய தோல்விகளை யாரும் கிளற மாட்டார்கள். 2024-இல் நார்த் கரோலினா ஸ்டேட் அணியைப் பாருங்கள். லீக் சுற்றின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. ஆனால் அதன் கான்ஃபரன்ஸான ஏசிசியின் தொடரில் ஐந்தே நாளில் ஐந்து வெற்றி! வெர்ஜினியாவுடனான அரையிறுதியில் மைக்கேல் ஓ'கானல் கடைசி நொடியில் எறிந்த பந்து பலகையில் பட்டு விழுந்திராவிட்டால் அன்றே மூட்டை கட்டியிருப்பார்கள். அதே அணி தேசிய அரையிறுதி வரை போனது. இதற்கு ஆர்ப்பாட்டம் செய்யாமல் வேறு எதற்குச் செய்வது?