ஆட்சேபணை இல்லாத குடியேற்றம்

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் எழுந்தன. பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. யார் குடியிருப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. இன விகிதப்படி பகிரச் சொன்னார்கள். அரச காணி எல்லாருக்கும் பொது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டை இழந்தவர்கள் யார் என்பதைக் கடல் விகிதம் பார்த்துத் தீர்மானிக்கவில்லையே! அத்திவாரம் வெட்டுமுன் பயனாளிப் பட்டியலை மூவினத்தார் முன்னும் வாசித்து ஆட்சேபணை கேட்டிருக்கலாம். கூட்டம் வைத்தால் வேலை இழுபடும் என்பார்கள். இழுபடும்தான், ஆறு மாதம். இங்கே பத்து வருடம் தாண்டியும் வீடு கிடைத்தது பற்றைக்காட்டுக்குத்தான். அதற்கு விண்ணப்பப் படிவமும் தேவைப்படவில்லை, கிராம சேவகர் கையொப்பமும் தேவைப்படவில்லை.