ஆவடி முதலான அயல்நாடுகள்: ஒரு முன்னோட்ட ஆய்வு

சித்தப்பா மகன் அசர்பைஜான் போய்வந்தான். யாருக்கும் தெரியாத ஒரு நாட்டைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி, போனில் நானூறு படம் காட்டினான். பாதிப் படங்களில் பின்னால் நிற்பவர்கள் சென்னை மேற்கு மாம்பலத்துக்காரர்கள் என்பது நிற்கும் தோரணையிலேயே தெரிந்தது. ஆக, அந்த நாடு ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. அறியப்படாத தேசம் வேறெது என்று இவ்வாய்வாளர் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

அடையாறு நண்பர் ஒருவரிடம் ஆவடி போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். "திருப்பதி போறப்ப வருமே, அதானே?" என்றார். அவரும் அசர்பைஜானின் பாகு போயிருக்கிறார்; ஆவடி ரயில் போகும் வழியிலுள்ள பட்டரவாக்கம் போனதில்லை. ஆவடி வட்டாரமே அந்த அறியப்படாத தேசம் என்ற கருதுகோளுக்கு இந்த ஒரு சான்றே போதும். மேலும் சான்று தேடினால் ஆய்வு முடியாது.

அது நாடே அல்லவே என்று ஆட்சேபம் எழும். 2011 கணக்கெடுப்பில் ஆவடியின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.45 லட்சம். பக்கத்து அம்பத்தூர் 4.66 லட்சம். அதே ஆண்டில் ஐஸ்லாந்து முழுவதையும் எண்ணினால் 3.2 லட்சம்கூடத் தேறவில்லை. அதுமட்டுமல்ல, ஐஸ்லாந்துக்கு ராணுவமே கிடையாது. ஆவடியிலோ 1960களின் நடுவிலேயே கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்துவிட்டது. பின்னால் அர்ஜுனும் வந்தது. டாங்கி செய்கிற ஊர் பேட்டையாம், ராணுவமே இல்லாதது நாடாம். ஐ.நா. சபைதான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நாடென்றால் யால்டா, ஜெனீவா மாதிரி சரித்திரத்தில் இடம்பெற்ற ஒரு மாநாடும் வேண்டும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது ஆவடியில்தான். ஆங்கிலத்தில் ராணுவ வாகனக் கிடங்கின் முதலெழுத்துகளைக் கோத்ததுதான் 'ஆவடி' என்று ரயிலில் ஒருவர் அடித்துச் சொன்னார். டாங்கி ஆலை வருவதற்கு முன்பே, 1955-லேயே ஊர் ஆவடிதானே என்றேன். "கூகுள்ல போட்டிருக்கு சார்" என்றார். ஆய்வுலகில் இதற்குமேல் வாதம் கிடையாது.

பெயராய்வில் இதைவிடக் கடினமான களம் அம்பத்தூர் ஓ.டி. என்ற பஸ் நிறுத்தம். ஓல்டு டவுன் என்பது ஒரு மரபு. ஓல்டு டெர்மினஸ் என்பது எதிர்மரபு. இரண்டுக்கும் தீர்ப்பு வேண்டி, பஸ் ஸ்டாண்டு எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டரை அணுகினேன்.

"அண்ணே, ஓ.டி.ன்னா என்னண்ணே?"

"ஓவர்டைம் சார். எஸ்டேட்ல வேல செய்றவன் பூரா இங்கதான எறங்குறான்."

அவர் சொன்ன எஸ்டேட், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1964-ல் அமைந்தது. பெயர் அதற்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த டீக்குப் பாலை ஊற்றிவிட்டார். ஆறுகிற டீயை விட்டுவிட்டு விவாதிப்பது இந்நாட்டில் அவமரியாதை. மூன்றாவது மரபாக ஓவர்டைமும் இங்கே பதிவு செய்யப்படுகிறது. மூன்றில் அதுவே நெஞ்சைத் தொடுகிறது என்பது என் சொந்தக் கருத்து. கொஞ்ச தூரத்தில் 'டன்லப்' என்றொரு நிறுத்தம் உண்டு. டயர் ஆலை மூடி எத்தனையோ ஆண்டாயிற்று. கண்டக்டர் மட்டும் இன்னும் "டன்லப்லாம் எறங்கு" என்கிறார். இறந்த பேரரசுகளின் பெயர்களை இப்படித்தான் நாடுகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

தென்மேற்கு எல்லையில் பூந்தமல்லி. பலகையில் பூவிருந்தவல்லி, பேச்சில் பூந்தமல்லி, ஆங்கில எழுத்தைப் படிப்பவர் வாயில் பூனமல்லி. இஸ்தான்புல்லுக்குக்கூட இத்தனை குழப்பம் இல்லை. இங்கு பிறந்த திருக்கச்சி நம்பி, தம் நந்தவனத்துப் பூவை நாள்தோறும் காஞ்சி வரதருக்கு எடுத்துப் போனார் என்பது வைணவ மரபு. சுமார் 50 கிலோமீட்டர். இன்று அதே திக்கில் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் போகிறவர்களுக்கு அவரே ஆதிகுரு. அவருக்கு பஸ்ஸும் இல்லை, தூக்கமும் இருந்திருக்காது. நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று வரிசையாகச் சாவடிகள். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். அதாவது, அசர்பைஜானுக்கு முன்பே இங்கே சுற்றுலாத் துறை இருந்திருக்கிறது. நான் போன அன்று குமணன்சாவடியில் உட்கார ஒரு திண்ணைகூடக் கிடைக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக, டிரைவருக்குப் பக்கத்தில் அரை இடம் கிடைத்தது.

களப்பணிக்குச் சோம்பல்படுவோருக்கும் இத்தேசம் வழிவைத்திருக்கிறது. திருநின்றவூர்ப் பூசலார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்தார். அதற்கு வருவதற்காக, பல்லவ அரசன் காடவர்கோன் காஞ்சியில் கல்லால் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நாளையே சிவன் தள்ளிவைக்கச் சொன்னார் என்கிறது பெரியபுராணம். வீட்டைவிட்டு நகராமல் ஆய்வேடு முடிக்கும் முறைக்கு இவரே முன்னோடி. பல்கலைக்கழகங்கள் இவரை இன்னும் உரிய முறையில் கொண்டாடவில்லை.

என் ஆய்வின் உச்சம் வடதிருமுல்லைவாயில் சிவன் கோயில். யானையின் காலில் சுற்றிய முல்லைக்கொடியைத் தொண்டைமான் என்ற அரசன் வாளால் வெட்ட, லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்ததாகச் சொல்லப்படும் இடம். சுந்தரர் பாடிய தலம். கருவறை முன்னே எருக்கந்தூண் இரண்டு. வேலியோரம் நிற்கும் எருக்கு தூணாகும் என்று தாவரவியல் அறிந்த யாரும் சொல்லமாட்டார்கள். அதைவிட வியப்பு நந்தி. வழக்கமாகச் சிவனைப் பார்த்துப் படுத்திருக்கும் நந்தி, இங்கே சிவனுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்திருக்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பியதால் அப்படி என்பது தலபுராணம். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா, "நீ வர்றியான்னு பாக்குதுப்பா" என்றார். சித்தப்பா மகனின் நானூறு படங்களில் இப்படி யாரும் யாரையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆய்வைத் தொடர விரும்புவோர்க்கு: விசா தேவையில்லை. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போன தடம்தான் இத்தேசத்துக்கு வழி. சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் வளாகத்தில் ஏறுங்கள். ஃபாஸ்ட் லோக்கல் மட்டும் வேண்டாம், பாதி தேசம் ஜன்னலோடு போய்விடும்.