ஆகாயத்திலிருந்து விழும் மனைகள்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதன் எந்தெந்தப் பொழுதுபோக்குகளில் ஈடுபடலாம் என்பதற்கு எங்கள் தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் எழுதி வைக்காத ஒரு சாஸ்திரம் உண்டு. விடியற்காலையில் எழுந்து பெரிய கோயிலை நாலு சுற்றுச் சுற்றி வரலாம்; சுற்றியதனால் இறங்கிய சர்க்கரையைத் திரும்பும் வழியில் இரண்டு உளுந்து வடையினால் சரிக்கட்டிக்கொள்ளலாம்; பத்திரிகையை முதல் பக்கம் தொடங்கிக் 'காலமானார்' விளம்பரம் வரையில் ஓர் எழுத்து விடாமல் படித்து, போனவர்களில் நம்மைவிட இளையவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கலாம்; உற்சவக் கமிட்டியிலே சேர்ந்து, நம்மைப்போலவே ஓய்வு பெற்ற இன்னொருவரோடு ஜன்மப் பகை தேடிக்கொள்ளலாம். இவை யாவும் கௌரவமான காரியங்கள். ஆனால் எழுபத்து நாலு வயதான ஒருவன், மத்தியானம் மூன்று மணிக்கு ஊஞ்சலிலே சம்மணம் கூட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு டாப்லெட்டை வைத்துக்கொண்டு, "போச்சு, போச்சு, எல்லாம் போச்சு!" என்று தொடையில் அடித்துக்கொண்டானானால், அது சாஸ்திரத்தில் இல்லாத சமாசாரம். வாசலோடு போன கீரைக்காரி இதைக் கேட்டுத் திடுக்கிட்டு, "ஐயாவுக்கு ஏதாச்சும் கெட்ட சேதியாம்மா?" என்று விசாரித்தபோது, வீடியோ கேமில் கணவன் தோற்றுவிட்டான் என்று சொல்ல நாக்குக் கூசிய என் சகதர்மிணி, "ஆமாம், தூரத்து உறவிலே ஒருத்தர்" என்று சொல்லி வைத்தாள். அந்தத் தூரத்து உறவினர் இந்த வருஷத்தில் மட்டும் ஏழெட்டுத் தடவை இறந்துவிட்டார்.

நான் ஆடுவது டெட்ரிஸ். அகலத்தில் பத்து, உயரத்தில் இருபது, ஆக 200 கட்டங்கள் கொண்ட ஒரு கிணற்றுக்குள், நாலு நாலு சதுரங்களை ஒட்டிச் செய்த ஏழுவிதமான துண்டுகள் மேலிருந்து ஒவ்வொன்றாக விழுகின்றன. விழும்போதே அவற்றைத் திருப்பி, நகர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்கவேண்டும். குறுக்கே ஒரு வரிசை முழுவதும் நிரம்பினால் அது மறைந்துபோகும். நிரம்பாத வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி விளிம்பைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

மற்றவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் வயலுக்கும் வரப்புக்கும் சங்கிலி பிடித்தவனுக்கோ, இது சாக்ஷாத் உட்பிரிவு வேலையேயன்றி வேறில்லை. விழுகிற ஒவ்வொரு துண்டும் எனக்கு ஒரு மனை. மேலே ஒருவன் அவசரப்பட்டு வீடு கட்டிவிட்டபடியால் அடியிலே சிக்கிக்கொண்டு, வெளிச்சமும் வழியும் இல்லாமல் கிடக்கிறதே ஒரு காலிக் கட்டம், அது புறம்போக்கு. ஒரு வரிசையில் ஒன்பது கட்டங்களுக்குப் பட்டா சுத்தமாக இருந்தாலும், அந்த ஒரே ஒரு புறம்போக்கை முன்னிட்டு வரிசை முழுவதும் அசையாமல் நின்றுவிடும். மேலே உள்ள ஆக்கிரமிப்புகளை ஒவ்வொன்றாக அகற்றி அந்தக் கட்டத்துக்கு வெளிச்சம் காட்டும் வரையில் அதற்கு விமோசனம் கிடையாது. நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஆக்கிரமிப்பை அகற்றச் சென்றபோது, ஒரு மூதாட்டி உலக்கையோடு என்னை வாய்க்கால் வரையில் துரத்திய வரலாறு உண்டு. டெட்ரிஸில் உலக்கை இல்லை. இந்த ஆட்டத்தின் பெருமைகளில் அதுவே தலையாயது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

ஏழு துண்டுகளுக்கும் என் பேத்தி நாமகரணம் செய்திருக்கிறாள். நெட்டையான குச்சி முருங்கைக்காய், சதுரம் மைசூர்பாகு. முருங்கைக்காய், வேண்டாதபோது மூன்று சேர்ந்தாற்போல வரும்; வேண்டும் என்று நாலு வரிசையை நிரப்பி ஓரத்தில் ஒரு சந்து விட்டுக் காத்திருக்கும்போது, ஆய்வுக்கு வருவதாகச் சொன்ன மேலதிகாரியைப்போல, வராமலே பிராணனை வாங்கும். இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகக் கோணிக்கொண்டு நிற்கும் இரண்டு துண்டுகளுக்கு மட்டும் நானே பெயர் வைத்தேன்: பங்காளிகள். ஒருவன் பொருந்திய இடத்தில் மற்றவன் பொருந்தமாட்டான். இந்த இருவரும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எப்பேர்ப்பட்ட சூரனும் முடிவில் தோற்றே ஆகவேண்டும் என்று ஹைடி பர்கீல் என்ற கணித விற்பன்னர் 1997-ல் நிரூபித்திருக்கிறார். அந்த அம்மணி எங்கள் ஜில்லாவில் ஒரே ஒரு பாகப்பிரிவினைக்கு வந்து நின்றிருந்தால், இவ்வளவு கணிதம் போட்டுச் சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தை உண்டாக்கியவரும் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் என்பதை அறிந்த தினத்திலிருந்து எனக்கு இதன்மேல் பக்தியே உண்டாகிவிட்டது. மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கம்ப்யூட்டர் நிலையத்திலே ஊழியம் பார்த்துவந்த அலெக்ஸி பஜித்னோவ், 1984-ல், ஆபீஸ் யந்திரமான எலெக்ட்ரோனிகா 60-ல் இதை இயற்றினார். அந்த யந்திரத்துக்குச் சித்திரம் வரையும் சக்தி கிடையாது. ஆகவே எழுத்தில் வருகிற அடைப்புக்குறிகளையே ஜோடி ஜோடியாக அடுக்கிக் கட்டங்களாக்கினார். கைக்குக் கிடைத்த சாமானை வைத்துக்கொண்டு காரியத்தை முடிப்பது எந்த தேசத்திலும் சர்க்கார் ஊழியனுக்கே உரிய சாமர்த்தியம் அல்லவா? ஆட்டம் உலகம் முழுவதும் பரவிக் கோடிகோடியாகப் பணம் புரண்டபோதும், உரிமை அரசாங்கத்தைச் சேர்ந்ததாக இருந்தபடியால், 1996-ல்தான் அவருக்கு ராயல்டி என்பது வரத்தொடங்கிற்று. இந்த இடத்தைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். ஒரு பயணப்படி பில்லுக்காக ஏழு வருஷம் காத்திருந்த ஆத்மா வேறு எப்படி இருக்க முடியும்?

கண்ணாடியைப் பற்றிய பேச்சு வந்தபடியால், வயோதிக ஆட்டக்காரனுக்கே உரிய ஓர் இடையூறையும் இங்கே சொல்லிவிடவேண்டும். என்னுடையது, மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி படிப்புக்குமாக, நடுவிலே கோடு விழுந்த பைஃபோகல். கிணற்றின் உச்சியில் பிறக்கிற துண்டு, மேல்பாதி வழியாகச் சற்று மங்கலாக, பனியில் வருகிற மாட்டு வண்டியைப்போல இறங்கி வரும். நடுக்கோட்டைத் தாண்டுகிற அந்த க்ஷணத்தில் ஒரு குதி குதித்துத் திடீரென்று ஒன்றரை மடங்கு பெருத்து, அரை விரல் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டதுபோலத் தோன்றும். அந்த அரை விரலை நம்பித்தான் எத்தனையோ முருங்கைக்காய்களைத் தவறான சந்தில் நட்டிருக்கிறேன். இதற்குப் பரிகாரமாகத் துண்டு இறங்க இறங்க முகவாய்க்கட்டையைச் சிறுகச் சிறுக உயர்த்தப் பழகிக்கொண்டேன். கடைசி அடுக்கை வைக்கும்போது, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் உத்தரத்தில் உள்ள பல்லியை நமஸ்கரிப்பதுபோல இருக்குமாம். போதாக்குறைக்கு, வயதினால் வறண்டுபோன விரல் நுனியைக் கண்ணாடித் திரை சில சமயம் மனித விரலாகவே அங்கீகரிப்பதில்லை. புலப்படத் தாள்களைப் புரட்டிய பழைய பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஆடுகிறேன். இதைக் கண்ட என் பேத்தி, "தாத்தா, டாப்ல எச்சி!" என்று ஒரு கூப்பாடு போட்டதிலிருந்து, தபாலாபீசில் வைத்திருப்பார்களே அதுபோல, ஈரப் பஞ்சு வைத்த ஒரு கிண்ணம் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் இருந்துவருகிறது.

நான் ஒருவன் மட்டும் இப்படி என்று எண்ணவேண்டாம். எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர், தம் சர்வீஸில் எந்த மாணவனுக்கும் அரை மார்க்குக்கூடக் கருணை காட்டாதவர் என்று நாலு தாலுக்காக்களில் பெயரெடுத்தவர். அவரை ஆட்கொண்டிருப்பது காண்டி க்ரஷ். அந்த ஆட்டத்தில் ஐந்து உயிர்கள்; ஒவ்வொன்றாகப் போனால், அரைமணிக்கு ஒன்றாகத்தான் மீண்டும் முளைக்கும்; அவசரக்காரர்கள் சிநேகிதர்களிடம் கேட்டு வாங்கலாம். ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்குக் கதவைத் தட்டி, தோள் துண்டை இடுப்பில் கட்டாத குறையாக நின்றுகொண்டு, "சார்வாள், ஒரு உயிர் இருந்தா அனுப்ப முடியுமா?" என்று அவர் கேட்டபோது, அவரிடம் கணக்கில் 34 வாங்கித் தோற்ற மாணவர்கள் யாரும் தெருவில் இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த ஆட்டம் என்னிடம் இல்லை என்றேன். பிற்பாடு யாரோ அவருக்கு ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தார்கள்: டெலிபோனின் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தால், ஆட்டம் ஏமாந்து ஐந்து உயிர்களையும் கொடுத்துவிடுமாம். தள்ளி வைத்தார், கொடுத்தது, ஆடினார், கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்து தூங்கிப்போனார். அலாரம் ஐந்து மணி என்று சொல்ல, எழுந்து, ஸ்நானம் செய்து, விபூதி பூசி, நிஜமான நேரம் இரண்டே முக்காலுக்குத் தெருவில் வாக்கிங் இறங்கினவரை, எங்கள் பேட்டை நாய்கள் நாலும் சேர்ந்து மறுபடியும் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டன.

இதுவரையில் சந்தோஷமாகத்தான் இருந்தேன். விபரீதம், பெங்களூரிலிருந்து என் மகன் ரூபத்தில் வந்தது. அவன் என்னைத் திட்டியிருந்தால் பாதகமில்லை, ஆதரித்தான். "அப்பா, இது ப்ரெயினுக்கு ரொம்ப நல்லது" என்று ஆரம்பித்து, கலிஃபோர்னியாவில் ஆடம் கஸாலி என்பவரின் குழுவினர், அறுபதிலிருந்து எண்பத்தைந்து வயது வரையுள்ளவர்களை ஒரு கார் ஓட்டும் வீடியோ கேமில் ஒரு மாதம் பழக்கியதையும், பழகிய கிழவர்கள் அதே ஆட்டத்தில் பழகாத இருபது வயதுப் பிள்ளைகளை மிஞ்சியதையும், அந்தப் பயன் ஆறு மாதம் நிலைத்ததையும், இதெல்லாம் 2013-ல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்ததையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தான். அத்துடன் விட்டானா? "தினம் அரைமணி, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று என் ரத்த அழுத்த மாத்திரைக்கும் கால்ஷியத்துக்கும் நடுவிலே டெட்ரிஸையும் எழுதி, அந்தச் சீட்டைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்றோடு ருசி போயிற்று. லட்டு சாப்பிடப் போகிறவனிடம் 'இது லேகியம், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கு' என்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்கு மூளை தேறவேண்டும் என்றா நான் ஆடினேன்? நாலு வரிசை ஒரே சமயத்தில் மறைகிறபோது வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி பரவுகிறதே, அதற்காக அல்லவா ஆடினேன்! சிறுபிள்ளை ஆடினால் துஷ்டத்தனம், வாலிபன் ஆடினால் சோம்பேறித்தனம், கிழவன் ஆடினால் மட்டும் சிகிச்சை என்பது என்ன நியாயம்? துஷ்டத்தனம் பண்ணுகிற பாத்தியதை எனக்கு எந்தத் தேதியிலிருந்து ரத்தாயிற்று என்பதை யாராவது உத்தரவு நம்பரோடு காட்டட்டும்.

ஆராய்ச்சிகளில் எனக்குப் பிடித்தது வேறொன்று. 2000-ஆம் வருஷத்தில் ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டு, சிலரை டெட்ரிஸ் ஆடவைத்து, அவர்கள் தூக்கத்தில் ஆழும் தறுவாயில் என்ன தெரிகிறது என்று கேட்டாராம். துண்டுகள் விழுவது தெரிகிறது என்றார்கள். அவர்களில் ஞாபகசக்தியை அடியோடு இழந்த நோயாளிகள் சிலரும் உண்டு. ஆடிய ஆட்டம் இன்னதென்றே நினைவில்லாத அவர்களில் பலருக்கும் கண்ணை மூடினால் துண்டுகள் விழுந்தனவாம். நாளைக்கு எனக்கு என் சர்வே நம்பரே மறந்துபோனாலும், முருங்கைக்காய் விழுந்துகொண்டிருக்கும் என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

மனைவியின் வாயை அடைக்க எண்ணி, ஜப்பானில் ஹமாகோ மோரி என்ற பாட்டியம்மாள் 1930-ல் பிறந்தவர், ஐம்பது வயதுக்குமேல் வீடியோ கேம் ஆட ஆரம்பித்து, தொண்ணூறாவது வயதில் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறார் என்று ஒருநாள் படித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அவங்க வீட்டுல ரேஷன் கடைக்கு யார் போறாங்களாம்?" என்றாள். இன்னொரு செய்தியையும் படித்தேன். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், பழைய நிண்டெண்டோ டெட்ரிஸை 157-ஆவது நிலை வரையில் விரட்டிக்கொண்டு போய், யந்திரமே திகைத்து ஸ்தம்பிக்கும்படி செய்துவிட்டான். அந்தச் செய்தியை வாசித்த ஒரு டெலிவிஷன் அம்மணி அவனைப் பாராட்டுவதற்குப் பதிலாக, வெளியே போய்க் காற்று வாங்கும்படி புத்திமதி சொன்னாராம். "பார்த்தீங்களா, அங்கேயும் அதைத்தான் சொல்றாங்க" என்றாள் என் மனைவி, வெற்றியோடு.

சென்ற பொங்கலுக்கு மகன் வந்திருந்தான். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், பேத்தி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கமாக ஊஞ்சலில் உட்கார்ந்து, நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு வரிசை ஒருசேர மறைந்தது. "நல்லா ஆடுறீங்கப்பா" என்றான். "ஏதோ, நீ இந்த டாப் வாங்கிக் கொடுத்தப்புறம் பழகினதுதான்" என்றேன் அடக்கத்தோடு.

அவன் சற்று நேரம் ஊஞ்சல் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நான் பத்தாவது படிக்கிறப்போ, மாமா பர்மா பஜார்ல வாங்கிக் கொடுத்த பிரிக் கேம் ஞாபகம் இருக்கா?" என்றான்.

இருந்தது. சோப்புப் பெட்டி அளவில், 9999 ஆட்டங்கள் என்று மேலே பொறித்து, உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே கொண்ட அந்த வஸ்துவை, 1995 அரையாண்டுப் பரீட்சையில் அவன் கணக்கில் 41 வாங்கியதன் பேரில் நான் பறிமுதல் செய்து, 'படிப்பைக் கெடுக்கிற சனியன்' என்று பிரகடனம் செய்து, பீரோவில் வேஷ்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் பூணூலில் இல்லாத குறைதான், அவ்வளவு ஜாக்கிரதை. அந்தப் பனிக்காலத்தில், நடுநிசியில் பீரோ இருந்த அறையிலிருந்து சுவர்க்கோழி கத்துவதாக என் மனைவி சொல்ல, நானே நாப்தலின் உருண்டை வாங்கிவந்து அடுக்கினேன். ஏப்ரலில் பரீட்சைகள் முடிந்ததும், கொடுத்த வாக்குத் தவறாமல், பொருளை அவனிடமே ஒப்படைத்தேன்.

"நான் போட்டு வெச்சிருந்தது சிவப்பு பாட்டரி" என்றான் மகன். "நீங்க திருப்பிக் கொடுத்தப்போ உள்ளே இருந்தது நீலம்."

ஊஞ்சல் நின்றது. கிணற்றிலே பங்காளி ஒருவன் விழுந்து, அடுத்தவனும் விழுந்து, புறம்போக்கின்மேல் புறம்போக்காக ஏறிக்கொண்டிருந்தது. நான் விரலை எடுக்கவில்லை. பேத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் ஓய்ந்தது. "அப்போ அது சுவர்க்கோழி இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே, கையில் ஈரக் கரண்டியோடு என் மனைவி கூடத்துக்கு வந்தாள்.