பனிமலைக் கார்ப்பயண நினைவுகளில் மலையின் இடம்: ஓர் ஆய்வு

பனிமலைகளைக் காரில் கடந்து, ஏரிக்கரை ஊர்களில் இறங்கி ஏறி வீடு திரும்பியவர்களின் நினைவில் மலைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே இவ்வாய்வின் பொருள். மிகக் குறைவு என்பது முடிவு. முடிவு முதலில் தட்டச்சாகி, ஏட்டுக்கு அட்டையும் போட்டாயிற்று. சான்றுகள் பிறகு ஒவ்வொன்றாக வந்து உரிய பக்கங்களில் உட்கார்ந்துகொண்டன. இந்த முறை தமிழ் ஆய்வுலகுக்குப் புதிதன்று; எனவே விளக்கம் வேண்டியதில்லை.

ஆய்வெல்லை சுவிட்சர்லாந்து. அதிலும் ஒரு கார். பேர்னில் புறப்பட்டு, தூன், பிரியென்ஸ் ஏரிகளின் கரையோடு போய், மைரிங்கனைத் தாண்டி மலையேறி, 2,164 மீட்டர் உயரத்தில் கிரிம்செல் கணவாயையும் 2,429 மீட்டர் உயரத்தில் ஃபூர்க்கா கணவாயையும் கடந்து, ஆண்டர்மட் வழியாக லூசெர்ன் ஏரிக்கு இறங்கிய கார் அது. ஓட்டியவர் சித்தப்பா. 1980களில் இருந்து சுவிஸில் குடியேறிய ஈழத் தமிழர் குடும்பங்களில் இப்படி ஒரு சித்தப்பா தவறாமல் இருப்பார். கொழும்பில் இருந்து வந்தாலும் டொரொன்டோவில் இருந்து வந்தாலும், வந்தவர்களுக்கு அதே மலையை அதே வளைவில் நிறுத்திக் காட்டுவது அவர் கடன். முன்சீட்டில் சித்தி. பின்சீட்டில் டொரொன்டோப் பெறாமகள், அவள் கணவன், நடுவில் பையன். நடுவில் உட்கார்ந்தவன் இரு பக்க ஜன்னலுக்கும் உரிமை கோரியவன் என்பதை ஆய்வு கவனத்தில் கொள்கிறது.

முன்னோர் ஆய்வுகளை மூன்றாகப் பகுக்கலாம்: போனவர் சொன்னவை, போகாதவர் சொன்னவை, திரையில் பார்த்தவர் சொன்னவை. மூன்றாவதே அளவிற் பெரிது, செல்வாக்கிலும் பெரிது. 1995இல் வந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ என்ற இந்திப் படம் எடுக்கப்பட்ட ஸானன் ஊருக்கு இந்தியர்கள் மலை பார்க்கப் போவதில்லை, படத்தில் வந்த பாலம் பார்க்கப் போகிறார்கள். இன்டர்லாக்கனில் 2016 முதல் அப்படத்தின் தயாரிப்பாளர் யஷ் சோப்ராவுக்குச் சிலை நிற்கிறது. பிரியென்ஸ் ஏரிக்கரையில் ஐசெல்ட்வால்ட் என்ற சிற்றூர். 2019இல் தொடங்கிய ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ என்ற கொரியத் தொடரின் நாயகன் அங்குள்ள படகுத்துறையில் பியானோ வாசித்துவிட்டான். அதன்பின் வந்த கூட்டத்தைத் தாங்கமாட்டாமல் ஊரார் துறையின் வாயிலில் சுழல்கதவு வைத்து 5 ஃபிராங்க் வாங்குகிறார்கள். கரையில் நின்றாலும் அதே ஏரிதான், அதே மலைதான்; அதற்குக் காசில்லை. காசு துறையின் பலகைக்கு. இவ்வாய்வின் முடிவுக்கு இதைவிடத் தெளிவான சான்றை அந்த ஊரார் தந்திருக்க முடியாது.

சுரங்கப்பாதை நினைவுகள்: இருட்டு. 16.9 கிலோமீட்டர் கொட்ஹார்ட் சாலைச் சுரங்கத்தில் போனவர்களுக்கு நீண்ட இருட்டு.

நெடுஞ்சாலைக் கட்டண வில்லை நினைவுகள்: 40 ஃபிராங்க். வில்லை இல்லாதவர்களுக்கு 200.

இனித் திணை. ஒரு நிலத்தை ஆராயப் புகுமுன் அது எத்திணை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எந்தக் கருத்தரங்கிலும் கட்டுரையை ஏற்கமாட்டார்கள். மலை இருப்பதால் குறிஞ்சி என்பர் ஒரு சாரார். பொய்கை இருப்பதால் மருதம் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. என்னை? ஐந்து பேரும் பகலின் பெரும்பகுதியை மலையிலும் கழிக்கவில்லை, நீரிலும் கழிக்கவில்லை; காருக்குள் கழித்தார்கள். ஆகவே காரும் கார் சார்ந்த இடமும் தனித்திணை என்க.

இதன் பெரும்பொழுது ஜூன் முதல் அக்டோபர் வரை. ஏனைய மாதங்களில் பனி மூடி இரு கணவாய்களும் அடைபட்டுக் கிடக்கும். ஜூனில் திறக்கும்போதும் சாலையின் ஓரம் வெட்டிவிட்ட பனி ஆளுயரத்துக்கு மேல் சுவராக நிற்கும். சிறுபொழுது முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 1.30 வரை. இதற்குச் சட்டமே சான்று. சுவிஸ் ஊர்களில் நீலக் கோடு போட்ட இடங்களில் காரைக் காசில்லாமல் நிறுத்தலாம். ஆனால் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நேரத்தட்டு வைத்து, வந்த நேரத்துக்கு அடுத்துவரும் அரைமணிக் கோட்டில் அம்பைத் திருப்ப வேண்டும். அதிலிருந்து ஒரு மணி நேரம் நிற்கலாம். 11.30க்கும் 1.30க்கும் இடையில் வந்தவர் மட்டும் 2.30 வரை நிற்கலாம். ஊரே உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தைத் தட்டுக்குள் வைத்துச் சட்டமாக்கிய நாடு அது. தொல்காப்பியருக்கு இந்தத் தட்டு கிடைத்திருந்தால் சிறுபொழுது ஆறோடு நின்றிருக்காது. உரிப்பொருள், இடம் தேடலும் தேடல் நிமித்தமும். தெய்வம், ஜி.பி.எஸ். உணவு, சித்தி கட்டிக்கொண்டு வந்த இடியப்பம். கணவாய்க் குளிரில் அது ஒட்டிக்கொண்டு ஒரே இடியப்பமாகிவிட்டது.

பறை எது என்பதில் ஐயமே இல்லை. அஞ்சல் பேருந்தின் ஊதுகொம்புதான். மலைச் சாலைகளில் ஓடும் மஞ்சள் போஸ்ட் பஸ், எதிரே வருவது தெரியாத வளைவுகளில் மூன்று சுரம் ஊதிக்கொண்டு வரும். ரொஸ்ஸினியின் ‘வில்லியம் டெல்’ ஆபெரா முன்னிசையில் இருந்து எடுத்த சுரங்கள் அவை. நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்திருந்தால் அது மலை அஞ்சல் சாலை என்று பொருள். அங்கே பேருந்து ஓட்டுநர் காட்டும் சைகையை மற்ற வண்டிகள் மீறக்கூடாது. பின்னால் போ என்றால் போக வேண்டும்.

அப்படி ஓர் ஓட்டுநர் சித்தப்பாவிடம் போ என்றார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரக் கல், அதற்கப்பால் ஒன்றுமில்லை. சித்தி முருகனை அழைக்கத் தொடங்கினார். “மாமா, இன்னும் கொஞ்சம் விடலாம்... காணும், காணும்!” என்று பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார் பெறாமகளின் கணவர். பேருந்து உரசாமல் போயிற்று. ஓட்டுநர் விரல் தூக்கி நன்றி சொன்னார். ஐந்து பேரின் வாக்குமூலங்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் ஒரே நிகழ்ச்சி இதுதான். கல்லின் உயரம், பேருந்தின் இலக்கம், ஓட்டுநரின் மீசை எல்லாம் நினைவிருக்கின்றன. அந்த இடத்தில் எந்தச் சிகரம் தெரிந்தது என்று கேட்டால் ஐவரும் மௌனம். எல்லாரும் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைரிங்கனைப் பற்றிச் சில சொல். ஊருக்கு அருகே ரைஷன்பாக் அருவி. 1891 மே 4 அன்று ஷெர்லாக் ஹோம்ஸ் அங்கே விழுந்து இறந்ததாக 1893இல் வெளியான கதையில் கோனன் டாயில் எழுதினார். வாசகர்கள் விடாததால் பின்னர் உயிர்ப்பித்தார். பிறக்காதவருக்கு, நடக்காத சாவுக்கு, அங்கே நாள் பொறித்த கல்வெட்டு உண்டு, ஊரில் அருங்காட்சியகம் உண்டு, சிலை உண்டு. நூல் கிடைக்காத புலவர்களுக்குக் காலம் கணித்து, ஊர் கண்டு, உறவுமுறையும் வரைந்துவிடும் நம் அறிஞர்கள் ஒரு முறை மைரிங்கன் போய்வருவது நல்லது. கல்வெட்டு வேலையை மட்டும் அவர்கள் இன்னும் தொடங்கவில்லை.

இனி ஆய்வின் உயிர்நிலையான தண்ணீர் பாட்டிலுக்கு வருவோம்.

ஃபூர்க்கா கணவாயில் பையன் ஒரு பாட்டிலின் கடைசி மடக்கைக் குடித்து, மூடியை இறுக்கித் திருகி, சீட்டின் கீழே போட்டான். கார் இறங்கி லூசெர்ன் ஏரியின் தென்முனையில் உள்ள ஃப்ளூயெலனை அடைந்தபோது பாட்டில் நசுங்கிக் கிடந்தது. பக்கங்கள் உள்ளே ஒட்டி, இடுப்பு ஒடுங்கி, யாரோ முறுக்கிப் பிழிந்த கோலம்.

“அப்பா அதுக்கு மேல இருந்திட்டார்” என்றான் பையன்.

இதை இருக்கைக் கொள்கை என்பர். இதன் வலிமை எளிமை. குற்றவாளியும் அருகிலேயே இருந்தார். (காண்க: பின்சீட்டு மரபு, இடப்பக்கம்.) இதற்கு மாறானது காற்றழுத்தக் கொள்கை. கணவாயின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். அந்த மெல்லிய காற்றை உள்ளே வைத்து மூடிய பாட்டில் 434 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரிக்கு வந்தால், வெளியே இருக்கும் தடித்த காற்று அதை நெருக்கும். உள்ளே உள்ள காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியாக வேண்டும். பிளாஸ்டிக்குக்கு வேறு வழியில்லை. (காண்க: குடும்ப வாட்ஸ்அப் குழு, பெறாமகள் கணவரின் குரல்செய்தி, இருமலுக்குப் பிற்பட்ட பகுதி. இருமலுக்கு முற்பட்ட பகுதி தற்காப்பு.)

இருக்கைக் கொள்கையினர் விடவில்லை. அப்படியானால் சிப்ஸ் பாக்கெட் ஏன் நசுங்கவில்லை என்றனர். நல்ல கேள்வி, ஆய்வு அதனால்தான் நீண்டது. சிப்ஸ் பாக்கெட் 564 மீட்டர் உயரத்தில், பிரியென்ஸ் ஏரிக்கரையில் வாங்கப்பட்டது. ஏறும்போது வெளியழுத்தம் குறையக் குறைய அது உப்பிக்கொண்டே வந்து, ஃபூர்க்காவில் தலையணை போல் விறைத்து நின்றது. கை வைத்தால் வெடிக்கும் என்று யாரும் தொடவில்லை. இறங்கியதும் பழைய உருவுக்கு வந்துவிட்டது. அதாவது பாக்கெட் ஏறுமுக ஆவணம், பாட்டில் இறங்குமுக ஆவணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கார் போன உயரங்களைக் கல்வெட்டைப் போல் படிக்கலாம். ஒன்றில் கீழ்நாட்டுக் காற்று, மற்றதில் மேல்நாட்டுக் காற்று.

இத்தனைக்கும் கணவாய்க்கு ஏறும் வழியில் அவர்கள் நின்றது ரோன் பனியாற்றின் ஓரம். ஜெனீவா ஏரியை நிரப்பி மத்திய தரைக்கடல் வரை போகும் ரோன் ஆறு பிறக்குமிடம். 1882இல் திறந்த பெல்வெடேர் விடுதி, இப்போது பூட்டிக் கிடந்தாலும், கொண்டையூசி வளைவுக்குள் அப்படியே நிற்கிறது. பனியாற்றுக்குள் குகை குடைந்திருக்கிறார்கள். கோடையில் அது உருகிவிடாமல் வெள்ளைத் துணிப் போர்வைகளை மேலே விரித்துக் காக்கிறார்கள். உலகம் சூடாவதை இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. சித்தியின் நினைவில் நின்றது வேறு: “ஐசுக்குப் போர்வை போத்தியிருக்கினம். நான் ஒரு சால்வையும் இல்லாம நிக்கிறன், ஒருத்தரும் கேக்கேல்ல.” பையனைக் கேட்டால் ஃபூர்க்கா என்பது சிப்ஸ் வெடிக்கப் பார்த்த இடம்.

பாட்டில் விவாதத்தில் இறுதிச் சான்று சித்தியின் குறிப்பு. (காண்க: பெட்ரோல் ரசீதின் பின்பக்கம், பென்சில் எழுத்து, மேலிருந்து இரண்டாம் வரி, சாக்லேட் கறைக்குச் சற்று கிழக்கே. ‘வளைவில் -யிர் போச்சு’ எனக் காணப்படுகிறது. முதலெழுத்து கறைக்குள் மறைந்தது. ‘உயிர்’ என்பது பெறாமகள் கொண்ட பாடம். ‘தயிர்’ என்பது சித்தப்பா கொண்ட பாடம். பின்பெட்டியில் தயிர் கொட்டியது உண்மையாதலின் அதுவும் பொருந்தும். கைப்பையின் உள்ளறையில் கிடைத்த மற்றொரு ரசீதில் ‘சால்வையும் தரேல்ல’ என்ற வரி கூடுதலாக உள்ளது. அது பிற்கால இடைச்செருகல் என்று சித்தப்பா மட்டும் கூறுகிறார்.) பாட்டிலைப் பற்றி இக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் இதை விட்டுவிட ஆய்வாளருக்கு மனம் வரவில்லை.

மூல ஆவணம் இப்போது இல்லை. ஃப்ளூயெலன் படகுத்துறையில் பையன் மூடியைத் திருகினான். ‘ச்ச்க்’ என்று காற்று உள்ளே போக, பாட்டில் நிமிர்ந்துகொண்டது. ஃபூர்க்காவின் காற்று ஏரிக்காற்றோடு கலந்தது. இத்துறையில் நிகழ்ந்த மிகப் பெரிய ஆவண அழிவு இது எனலாம். செய்தவன் அதே பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தான்.

பிரியென்ஸ் ஏரியின் நிறம் பற்றியும் ஓர் இயல் எழுதப்பட்டது. பனியாறுகள் பாறையை அரைத்து மாவாக்கி ஆற்றில் விட, அந்த மாவு ஏரியில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் நீர் பச்சைநீலமாகத் தெரிகிறது என்பதே அவ்வியலின் சாரம். ஐவரும் இதைக் கேட்டுக்கொண்டார்கள். படத்தில் நிறம் கூட்டியதாக டொரொன்டோ உறவினர்கள் இன்றும் நம்புகிறார்கள். இயல் நீக்கப்பட்டது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் ஏட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பாட்டில் இயலில் விரல் வைத்து நிறுத்தி, “ஃபூர்க்காவா? நாங்களும் போயிருக்கிறோம்” என்றார். கைபேசியை எடுத்தார். முதல் படத்தில் அவர் துணைவியார், பின்னால் வெள்ளையாக ஏதோ. அது ஃபூர்க்காவா கிரிம்செல்லா என்று அவருக்கு நிச்சயமில்லை. நெறியாளரைக் கேட்டார், நெறியாளர் துறைத்தலைவரைக் கேட்டார். ஆய்வாளரை யாரும் கேட்கவில்லை. அடுத்த படம் ஹோட்டல் காலையுணவு, அதற்கடுத்தது காலையுணவின் பில். பில்லைப் பெரிதாக்கிக் காட்டி, தயிருக்கு மட்டும் எவ்வளவு போட்டிருக்கிறான் பாருங்கள் என்றார். அவையில் இருந்த எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.