பத்துப் படி வடிச்சுப் பழையது பண்ணுறவ

ஏத்தா, பாண்டி பஜாருக்குப் போயி ஆறு தினுசுல புதுத்துணி வாங்கியாந்து, கடை மடிப்புக் கலையறதுக்குள்ள கத்திரியால கூறு போட்டுக்கிட்டு இருக்கியே. கேட்டா, "அப்பத்தா, இது மிச்சத்துணியில தைக்கிற குவில்ட்"டுங்கிற. நாளைக்குப் பழைய சோறு வேணும்னு இன்னைக்குப் பத்துப் படி வடிக்கிறவளை எங்க ஊருப்பக்கம் நான் பாத்ததில்லை. அடையாறுக்கு வந்துதான் பாக்குறேன்.

மிச்சம் வேணும்னா தெருமுனை டெய்லர்ட்ட போ. ஜாக்கெட்டு வெட்டுனா கக்கத்துப் பக்கம் பிறை மாதிரி ஒரு துண்டு விழும், கழுத்துப் பக்கம் அரைவட்டமா ஒண்ணு விழும். சாயங்காலம் மெஷினுக்கு அடியில கூட்டுனா ஒரு கோணி தேறும். பாதி தலகாணிக்குள்ள போகும், மீதி மெக்கானிக் கையில கிரீஸ் துடைக்கப் போகும். கேட்டா சும்மாவே குடுப்பாரு. 'கலை'ன்னு மட்டும் வாயைத் திறந்துராத, கிலோ கணக்குல விலை சொல்லிருவாரு.

கொண்டாந்ததும் தைக்க உக்காந்துராத. பாலியஸ்டரைத் தனியா ஒதுக்கு. பருத்திக்கு வைக்கிற சூட்டுல இஸ்திரி போட்டா அது பெட்டியில ஒட்டிக்கும். பருத்தியை ஒருக்கா நனைச்சுக் காயப்போடு, சுருங்குறது இப்பவே சுருங்கட்டும். தச்சப்புறம் சுருங்குனா அது விரிப்பு இல்லத்தா, சுருக்குப்பை. சுங்கடிச் செவப்பா இருந்தா ஈரத்தோட ஒரு வெள்ளைத் துணியில வச்சுத் தேய்ச்சுப் பாரு, அதோட யோக்கியதை தெரிஞ்சுபோகும்.

அளவே எடுக்க மாட்டேன், மனசு போன போக்குல தைப்பேன், அதுக்குப் பேரு இம்ப்ரோங்கிற. தாராளமா தை. கர்நாடகத்துல உத்தர கன்னடக் காட்டுப்பக்கம் சித்தின்னு ஒரு சனம் இருக்காக. உங்க சின்னம்மா இல்லடி, அந்தக் காலத்துல ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவுக வம்சம். அந்தப் பொம்பளைக கவந்தின்னு ஒண்ணு தைப்பாக. பழைய சேலையை விரிச்சு, ஒரு மூலையில முதல் துண்டை வச்சு நூல் ஓட்ட ஆரம்பிச்சா, ஓரத்தைச் சுத்திச் சுத்தி நடுவுல வந்து நிக்கும். காயிதத்துல படம் கெடையாது. ஒரு துண்டுக்கு அடுத்து எதை வைக்கிறதுன்னு கண்ணுதான் சொல்லும். கடைசியா நாலு மூலைக்கும் முக்கோணமா மடிச்ச துணியைப் பூவுன்னு வச்சுத் தைப்பாக. அந்தப் பூ இல்லாட்டி கவந்தி அம்மணமா நிக்குதும்பாக.

உனக்கு அந்தக் கண்ணு வர வருசமாகும். அதுவரைக்கும் கால் அங்குலம் உள்ள விட்டுத் தை. ரெண்டைச் சேத்ததும் தையலை இஸ்திரி போட்டுப் படுக்க வை, அப்புறம் மூணாவதைத் தொடு. கோணமாணலா இருந்தா இம்ப்ரோன்னு ஊரை ஏமாத்திரலாம். பிரிஞ்சு தொங்குனா என்னன்னு சொல்லுவ? உள்ள பஞ்சு வைக்காத. இந்த மெட்ராஸ் வெயில்ல அதைப் போத்துனா இட்லியா வெந்துருவ. உங்க தாத்தாவோட பழைய வேட்டி ரெண்டு போதும்.

பங்குனியில மயிலாப்பூர் தேருக்குக் கூட்டிட்டுப் போனியே, எல்லாரும் கபாலியைப் பாத்தாக, நீ செல்போனைப் பாத்த, நான் தேர்ல தொங்குன தொம்பையைப் பாத்தேன். தூரத்துல சித்திரம் எழுதுன மாதிரி இருக்கும். கிட்டப் போனா வெட்டுத்துணி. ஒவ்வொண்ணையும் ஓரம் மடிச்சு ஒட்டித் தச்சிருப்பாக. மிச்சத்துணி இல்லதான், ஆனா வேலை இதே வேலை. 2019 ஜனவரியில இதே மெட்ராஸ்ல குவில்ட்டுக்குன்னே திருவிழா நடத்துனாகளாமே! தேரு இல்லாம என்ன திருவிழாவோ.

நீதான் செல்லுல காட்டுன, அமெரிக்காவுல அலபாமாப் பக்கம் கீஸ் பெண்ட்டுன்னு ஒரு ஊரு. அந்தக் கறுப்பினப் பொம்பளைக, காட்டு வேலைக்குப் போட்டுத் தேஞ்ச கால்சட்டையைக் கிழிச்சுக் குளிருக்குத் தச்சதை, 2002-ல நியூயார்க் விட்னி மியூசியத்துச் சொவத்துல மாட்டுனாகளாம். 2006-ல தபால்தலையே போட்டாகளாம். நான் தச்ச விரிப்பு உன் நாய்க்கு அடியில கெடக்கு.

போகட்டும். வெட்டுனது வெட்டுனதுதான். இன்னும் கத்திரி படாம அந்த அரக்குக் கலர் ஒண்ணு இருக்கு பாரு, அதை மட்டும் தொடாத. ஒரு மீட்டர் தேறும், தொட்டுப் பாத்தேன், நல்ல பருத்தி. எனக்குத் தீவாளிக்கு ஜாக்கெட்டு இல்லை. டெய்லர்ட்ட நானே குடுத்துக்கிறேன், விழுற துண்டு பூராம் உனக்கு.