சிறுதேர் நிர்மாணத்தில் தகப்பனாரின் ஸ்தானம்: ஒரு விசாரணை

மன்னர் ஏறிய தேரையும் தெய்வம் ஏறும் ரதத்தையும் குறித்துச் சிற்ப சாஸ்திரம் வல்லவர்கள் அங்குலக் கணக்கோடு எழுதிவைத்திருக்க, முழங்காலுக்கு மேல் உயராத சிறுவர் வண்டிகளைப் பற்றி மட்டும் போதிய விசாரணை நடைபெறாதது வருந்தத்தக்கது. அவ்விஷயத்தில் தீர்வு வேண்டிநிற்கும் முதல் வினா இதுவே: தகப்பனும் பிள்ளையும் கூடி ஒரு வண்டியைச் செய்து பந்தயத்தில் விடும்போது, உண்மையில் பந்தயம் விடுபவர் யார்? சைவ சித்தாந்திகள் கைக்கொள்ளும் உரை, காட்சி, கருதல் என்னும் மூன்று பிரமாணங்களையும் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது உரை. தும்பிசேர் கீரனார் பாடிய குறுந்தொகை 61ஆம் செய்யுள், தச்சன் செய்துகொடுத்த சிறுதேரில் ஏறிச் செல்ல முடியாவிடினும் அதைக் கையால் இழுத்தே மகிழும் பிள்ளைகளைக் காட்டுகிறது. செய்தவன் தச்சன், இழுத்தது பிள்ளை என்று வேலை அங்கே தெளிவாகப் பிரிந்திருக்கிறது, தகப்பனார் தென்படவே இல்லை. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களிலோ நிலைமை மாறிவிடுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமாகிய சிறுதேர்ப் பருவத்தில், தேரை உருட்டும்படி செய்யுள் தோறும் மன்றாடுகிறவர் முதிர்ந்த புலவரேயன்றி, தேர் வேண்டுமென்று குழந்தை ஓரிடத்திலும் கேட்டதாகத் தெரியவில்லை. சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகத்தில், பொன் வண்டி கேட்டு அழுத சாருதத்தன் மகனுக்காக வசந்தசேனை தன் நகைகளை மண் வண்டியில் இட்டு நிரப்ப, அந்த நகைகளே பின்னர் சாருதத்தனைக் கொலைக்களம் வரை இழுத்துச் சென்றன. குழந்தையின் வண்டியில் பெரியவர்கள் தங்கள் செல்வத்தை ஏற்றலாகாது என்பதற்கு இதைவிட வலிய மேற்கோள் வேண்டுவதில்லை.

இனிக் கடல் கடந்த ஒரு சாட்சியம். அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாகாணத்து மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரில், சாரணர் இயக்கத்தின் குருளையர் படைத் தலைவராக இருந்த டான் மர்ஃபி என்பவர், சிறுவர்கள் தாமே ஏறி ஓட்டும் சரிவுவண்டிப் பந்தயத்தில் சேரத் தம் மகனுக்கு வயது போதவில்லை என்று கண்டு, 1953ஆம் ஆண்டில் பைன் மரக்கட்டையில் செதுக்கிய சிறு கார்களைச் சரிவான பலகைப் பாதையில் ஓடவிடும் பந்தயத்தைத் தொடங்கிவைத்தார். கார் 5 அவுன்ஸுக்கு மேல் நிறுக்கக் கூடாது என்பதும், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்பதும் அதன் வழக்கங்கள். எடையைப் பின்புறத்தில் சேர்த்தால் சரிவின் உச்சியில் அது சற்றே உயர்ந்து நின்று கூடுதல் வேகம் தரும் என்பதையும், அச்சில் கிராஃபைட் தூள் பூசினால் உராய்வு குறையும் என்பதையும் அறிந்த பிறகு, பிள்ளை உறங்கப் போன பின்னும் பட்டறையை விட்டு அகலாத தகப்பன்மார் அந்நாட்டில் பெருகினர். தோல்வியுற்றால் பிள்ளை ஐஸ்கிரீமைக் கண்டதும் மறந்துவிடும். தகப்பனாரோ அடுத்த ஆண்டுக் கட்டைக்கு அன்றிரவே கோடு போடத் தொடங்குவார்.

அடுத்தது காட்சி. விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரில், மகாசிவராத்திரியை ஒட்டித் தொடங்கும் மாசிப் பெருவிழாவில் அங்காளம்மன் எழுந்தருளும் தேரை ஆண்டுதோறும் பச்சை மரங்களைக் கொண்டு புதிதாகக் கட்டுவது சம்பிரதாயம். மரம் அறுபடுவதையும் சட்டம் கூடுவதையும் தகப்பனின் தோளில் அமர்ந்து பார்த்த குழந்தைகளுக்கு, வண்டி என்பது கடையில் வாங்கும் வஸ்துவன்று, ஆண்டுக்கு ஆண்டு புதிதாகச் செய்துகொள்ளும் வஸ்து என்னும் ஞானம் இயல்பாகவே சித்திக்கிறது. மாசி கழிந்து சித்திரை பிறந்ததும் பனங்காய் வெட்டும் காலம் வருகிறது. கட்டைவிரலால் நுங்கைத் தோண்டித் தின்றபின் எஞ்சும் காய்கள் இரண்டு, அவற்றை இணைக்கும் அச்சுக் குச்சி ஒன்று, தள்ளுவதற்குக் கவைக் கம்பு ஒன்று: ஆக நான்கே அங்கங்களில் நுங்கு வண்டி பூர்த்தியாகிறது. பிள்ளைத்தமிழ் இலக்கணம் சிறுதேரை ஆண்பாலுக்கே உரித்தாக்கி, பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும் வகுத்ததைச் சற்றும் பொருட்படுத்தாமல் பெண்குழந்தைகளும் இதைத் தெருப் புழுதியில் உருட்டிச் செல்வதால், இலக்கணத்தைவிட நுங்கு தாராள மனம் படைத்தது என்று கொள்ளலாம். காய் சில தினங்களில் வற்றிச் சுருங்கிவிடுவதால், அம்மனின் தேரைப் போலவே இதுவும் புதுப்பித்தலுக்கு உட்பட்டது.

மூன்றாவது கருதல். இரண்டு காய்களுள் ஒன்று சிறுத்திருந்தால் வண்டி அந்தப் பக்கமாகவே வளைந்து சாக்கடையில் இறங்கும். நேராக ஓட வேண்டுமாயின் இணையான காய்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளை இரண்டொரு முறை சாக்கடையில் இறங்கித் தானே கண்டுகொள்கிறது. இங்கே எடை வரம்பு இல்லை, கிராஃபைட் இல்லை, ஆகவே தகப்பனார் தம் மேதைமையை நுழைக்க இடமும் இல்லை. இதிலிருந்து ஒரு விதி பெறப்படும்: வண்டியின் உறுப்புகள் பெருகப் பெருக, அதில் பிள்ளையின் பங்கு குறையும்.

பூர்வபட்சி ஒருவர் எழுந்து, “பெரியவர் துணையின்றிக் குழந்தை அரிவாளை எடுக்கலாமோ?” என்று ஆட்சேபிப்பார். ஆட்சேபம் நியாயமானதே. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர் ஆயிரம் பேராயினும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுபவர் இல்லையேல் தேர் முனை திரும்பாது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் செய்யாது; தகப்பனார் அந்த முட்டுக்கட்டைக்காரரின் பதவியை ஏற்பதில் நமக்குத் தடையில்லை. அவர் வடத்தைப் பிடுங்கும்போதுதான் தகராறு ஆரம்பமாகிறது.

எனவே சித்தாந்தம் வருமாறு: காயை வெட்டித் தருவது தகப்பனாரின் கடமை, இணை பார்த்துப் பொறுக்குவதும் அச்சுக் கோப்பதும் ஓட்டுவதும் தோற்பதும் பிள்ளையின் உரிமை. தோற்கும் உரிமையைப் பறிப்பதே இத்துறையில் மகாபாதகம். வெட்டுகூலியாக, காய்க்கு உள்ள மூன்று கண்களுள் ஒன்றின் நுங்கைத் தகப்பனார் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது கண்ணில் கை வைத்தால் மேற்படி விதி மீறப்பட்டதாகவே கருதப்படும்.