ஹேமந்தாதிபதி

ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பாகமாகிய ஸ்காபரோவில், யாழ்ப்பாணத்து மனிதர்கள் ஆயிரக்கணக்கிற் குடியேறி, கோயிலும் கடையும் பத்திரிகையும் பழைய மாணவர் சங்கமும் கண்டு, ஊரை ஏறக்குறைய முழுமையாகவே கடல் கடத்திக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். வெயில் ஒன்றுதான் வர மறுத்துவிட்டது. இந்தக் குறைக்கு அவர்களிற் பெரும்பாலோர் விவேகமுள்ள மனிதர் செய்யக்கூடியதையே செய்கிறார்கள்: நவம்பர் பிறந்ததும் கதவைச் சாத்தி, ஹீட்டரைக் கூட்டி, ஏப்ரல் வரையில் தொடர் நாடகங்களையும் வானிலை அறிக்கையையும் மாறி மாறிப் பார்த்தபடி, தம்மை இந்த நாட்டுக்குக் கூப்பிட்ட உறவினரை மனத்துக்குள் நிந்தித்துக்கொண்டு காலங்கழிக்கிறார்கள். இந்தப் பொது தர்மத்துக்கு விரோதமாக, பனியை வாசலிற் போய் எதிர்கொண்டழைத்து, அதனோடு குடும்ப சமேதராக உறவு கொண்டாடுகிற கிருகஸ்தர் தெருவுக்கு ஒருவர் வீதமாவது அங்கே இருக்கிறார். பிறந்த ஊரில் மார்கழித் திருவெம்பாவைக்கு விடியற்புறம் கோயிலுக்குப் போவதற்குக் கழுத்தில் மப்ளரும் தலையிலே துவாயும் சுற்றிக்கொண்டு, "சரியான குளிர்" என்று நடுங்கியவர் இவரேதான் என்பதை அவருடைய தாயாரைத் தவிர வேறு யாரும் இப்போது நம்பமாட்டார்கள். அவருக்கு ஹேமந்தாதிபதி என்ற பட்டத்தை நான் சூட்டியிருக்கிறேன். அவர் இதை அறிந்தால் சந்தோஷப்படுவாரென்றே நினைக்கிறேன்.

கனடாவின் வானிலை இலாகா குளிர்காலத்தில் இரண்டு எண்களை வெளியிடுகிறது. ஒன்று வெப்பமானி காட்டுவது. மற்றது, காற்றையும் சேர்த்துக்கொண்டால் மனிதத் தோலுக்கு அந்தக் குளிர் எவ்வளவாகத் தோன்றும் என்று, 2001-ஆம் வருஷம் திருத்தியமைத்த ஒரு சூத்திரத்தின்படி கணித்துச் சொல்வது. வெப்பமானியில் மைனஸ் 12 ஆக இருந்து, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திற் காற்றும் வீசுமாயின், தோலின் கணக்கில் அது மைனஸ் 21 ஆகிவிடும். இந்த இரட்டைக் கணக்கு விஞ்ஞானிகளுக்கு எவ்வளவு உபயோகமோ எனக்குத் தெரியாது. ஹேமந்தாதிபதியின் இல்லறம் இதன் மேலேதான் நடக்கிறது.

"இஞ்சேருங்கோ, இந்தக் குளிருக்குள்ள பிள்ளையளைக் கொண்டுபோகத்தான் வேணுமோ?" என்று மனைவியார் கேட்கும்போது, "என்னப்பா குளிர், மைனஸ் பன்ரண்டுதானே" என்று வெகு அலட்சியமாகச் சொல்லுகிறவர், அன்றிரவே ஊரிலிருக்கும் தம்பியோடு தொலைபேசியிற் பேசும்போது, "மைனஸ் இருபத்தொண்டடா! கண்ணிமையெல்லாம் உறைஞ்சுபோச்சு" என்று முழங்குவார். இரண்டுமே சத்தியம் என்பதால் அவர்மீது யாரும் குற்றஞ்சாட்ட இயலாது.

அவருடைய இரண்டாவது விசேஷ லட்சணம் சம்பிரதாயப் பிரியம். அவர் குடும்பத்தில் ஒரு காரியம் ஒருமுறை நடந்தால் அது தற்செயல். இரண்டாம் முறை நடந்துவிட்டால் அநாதி காலமாக வருகிற வழக்கம். 1905-ஆம் வருஷம் ஈட்டன் கடைக்காரர்கள் தொடக்கிவைத்து, இன்றுவரை நவம்பர் மாதத்தில் ரொறன்ரோ வீதிகளில் நடந்துவருகிற நத்தார் தாத்தா ஊர்வலத்தைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், முதல் ஊர்வலத்துக்கே அவருடைய பாட்டனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இடம்பிடித்து நின்றதாக எண்ணத் தோன்றும். வரவேற்பறையில் நத்தார் மரம் ஒன்றும் உண்டு. "பிள்ளையள் பள்ளிக்கூடத்தில பாத்து ஆசைப்படுதுகள்" என்ற நியாயத்தோடு நுழைந்த அந்தப் பிளாஸ்டிக் மரம், சுவாமி படங்களுக்குப் பக்கத்திலேயே நின்று, பிள்ளைகளுக்கு அந்த ஆசை தீர்ந்து பல்கலைக்கழகம் போகும் வயது வந்த பின்னும், டிசம்பர் முதலாந் தேதி தவறாமல் எழுந்தருளுகிறது. தைப்பொங்கல் முடியும்வரை அது இறங்குவதில்லை. பொங்கலோ கராஜுக்குள்ளே, கதவைப் பாதி உயர்த்தி, காஸ் அடுப்பு மூட்டி, பனிக்கு அப்பால் எங்கேயோ இருக்கிற சூரியனை உத்தேசித்து நடைபெறும். கனடிய நாடாளுமன்றம் 2016-ஆம் வருஷத்தில் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது முதல், இந்தக் கராஜ் வைபவத்துக்கு ராஜாங்க அங்கீகாரமே கிடைத்துவிட்டதாக அவர் கருதுகிறார்.

பனியை அள்ளுவதில் அவருக்குள்ள சித்தாந்தங்களை விவரிக்கப் புகுந்தால் தனி நூலாகும். வாசலை அவர் ஒருமணி நேரம் சுத்தம் செய்து, இடுப்பில் கைவைத்துப் பெருமூச்சு விடுகிற அதே கணத்தில், வீதியைச் சுத்தம் செய்யும் நகரசபை வண்டி வந்து, வீதிப் பனி முழுவதையும் அவர் வாசலுக்குக் குறுக்கே மதிலாகக் குவித்துவிட்டுப் போகும் என்பதை மட்டும் சொல்லி அப்பாற் போகிறேன்.

ஆனால் பின்வளவு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒன்ராறியோவிலேயே பிரான்ட்ஃபோர்ட் என்னும் ஊரில், வால்டர் கிரெட்ஸ்கி என்ற தகப்பனார் தம் வீட்டுப் பின்வளவிலே தண்ணீர் பாய்ச்சி உறையவைத்த களத்திற் சறுக்கிப் பழகிய பிள்ளையே, பிற்காலத்தில் ஹாக்கி உலகின் சக்கரவர்த்தியாக விளங்கிய வெய்ன் கிரெட்ஸ்கி. இந்தச் சரித்திரத்தைத் தொழிற்சாலையில் உடன் வேலைசெய்கிறவர் சொல்லக் கேட்ட நம்மவர், இரவு பதினொரு மணிக்குக் குழாயும் கையுமாகப் பின்வளவில் நின்று, மூன்றாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த மூத்த மகனின் எதிர்காலத்துக்கு நீர் வார்க்கலானார். நிலம் சமதளமாக இருக்க வேண்டுமென்ற சிறு விவரத்தை உடன் தொழிலாளி சொல்லவில்லை. தண்ணீர் தன் சுபாவப்படி சரிவை நாடிச் சென்று, வேலிக்குக் கீழே நுழைந்து, அயல்வீட்டார் வளவிலே கண்ணாடிபோன்ற அருமையான களமாக உறைந்தது. அந்த வீட்டுச் சிறுமி அதிலே சறுக்கிப் பழகி, பிற்பாடு பள்ளிக்கூடப் பந்தயங்களிற் பரிசுகள் வாங்கினாள். ஒவ்வொரு பரிசுக்கும் அவள் நன்றி சொல்ல வரும்போது, ஹேமந்தாதிபதியின் புத்திரன் உள்ளே கணிதம் செய்துகொண்டிருப்பான்.

இவை யாவும் தோற்றுவாய். அவருடைய வருஷத்தின் சிகரம் பெப்ரவரியில் வருகிறது. 2008-ஆம் வருஷம் ஒன்ராறியோ அரசாங்கம் அந்த மாதத்து மூன்றாம் திங்கட்கிழமையைக் குடும்ப தினமென்று விடுமுறையாக்கியபோது, தம்மை மனத்திற் கொண்டே இதைச் செய்தார்கள் என்று அவர் நம்பினார். அதற்குப் பிரதியுபகாரமாக, அந்த விடுமுறைக்கு வருஷந்தோறும் மனைவி, மக்கள் மூவர், மாமியார் ஆகியோரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சுமார் 450 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஒட்டாவாவுக்கு யாத்திரை புறப்படுவார். அங்கே ரீடோ கால்வாய், குளிர்காலத்தில் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு உறைந்து, ஜனங்கள் சறுக்கி விளையாடும் ராஜபாட்டையாகிவிடும்.

வழியில், ஏறக்குறைய கிங்ஸ்டனைத் தாண்டும் சமயத்தில், பிரசங்கம் ஆரம்பமாகும். அமெரிக்கர் படையெடுத்து வந்தால் செயின்ட் லாரன்ஸ் நதியிலே போக்குவரத்து தடைப்படுமே என்று அஞ்சிய பிரிட்டிஷார், கேணல் ஜோன் பை என்னும் பொறியியலாளரைக்கொண்டு இந்தக் கால்வாயை வெட்டுவித்ததும், 1832-இல் அது திறக்கப்பட்டதும், அமெரிக்கர் கடைசிவரை வராமலே போனதும், 1971 முதல் அதிற் சறுக்குபாதை அமைந்ததும் வரிசைக்கிரமமாக வரும். "அப்பா, இந்த முறையாவது அமெரிக்கர் வருவினமோ?" என்று இளைய மகள் கேட்பாள். அவர் அதை அறிவுத்தாகம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

கால்வாய்க் கரையை அடைந்ததும் அவர் செய்யும் ஊழியம் ஒன்று உண்டு. பரிகாசத்தை நான் சற்று நிறுத்திக்கொள்ளும் இடம் அதுதான். சறுக்குச் சப்பாத்தின் நாடாவைக் கையுறையோடு கட்ட முடியாது. கட்டு தளர்ந்தாற் கணுக்கால் பிசகும். ஆகையால் அவர் கையுறைகளைக் கழற்றிப் பல்லிற் கடித்துக்கொண்டு, பனியில் முழந்தாளிட்டு, ஆறு சப்பாத்துக்களையும் ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டி முடித்து எழும்பும்போது, விரல்கள் அவருக்குச் சொந்தமல்லாதவையாகிவிட்டிருக்கும். பிறகு பிள்ளைகள் பறந்துவிடுவார்கள். தமக்குச் சறுக்கத் தெரியாததனால் அவர் சாதாரணப் பூட்ஸுடன் அவர்களுக்குப் பின்னால் ஓடி, "முழங்காலை மடி! முழங்காலை மடி!" என்று பயிற்சி அளிப்பார். மாமியார் நடக்கமாட்டார்; அவருக்கென்று வாடகைக்கு எடுத்த சறுக்குவண்டியில், சேலைக்கு மேல் இரண்டு ஜாக்கெட்டும் மூன்று சால்வையும் சாத்தி அவரை எழுந்தருளப் பண்ணி, மகளும் மருமகனுமாகத் தள்ளிக்கொண்டு புறப்பட்டால், நல்லூர்த் தேர் இருப்புக்கு வருகிற கோலமாகவே இருக்கும். எதிரே வருகிற வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டுச் சிரித்த முகத்தோடு வணங்குவதை மாமியார் நியாயமான மரியாதையாக ஏற்றுக்கொள்ளுகிறார்.

நடுக்கால்வாயிற் புகைப்படம். ஊரிலும் லண்டனிலும் சூரிச்சிலும் உள்ள உறவினர் பார்க்கப்போகும் படமாதலால், ஜாக்கெட்டுக்களை எல்லாரும் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் உடுப்புத் தெரியாது. மைனஸ் 12-இல் பட்டுச் சேலையோடு புன்னகை செய்வது எளிய வித்தையன்று. அது முடிந்ததும் ஆகாரம்: பீவர் என்ற பிராணியின் வாலளவுக்கு மாவை நீளமாகத் தட்டி, எண்ணெயிற் பொரித்து, சர்க்கரையும் கறுவாத்தூளும் தூவித் தருகிற பீவர் டெயில். அதைத் தின்று எல்லாரும் சிலாகித்த பின்னர், மனைவியார் பையைத் திறந்து ஆட்டிறைச்சி ரோல்ஸும் சுடுபோத்தல் தேத்தண்ணியும் எடுப்பார். அப்போதுதான் அனைவரும் வாஸ்தவமாகச் சாப்பிடுவார்கள்.

2023-ஆம் வருஷக் குளிர்காலத்தில் ஒரு விபரீதம் நேர்ந்தது. பனிக்கட்டி சுமார் 30 சென்டிமீட்டர் தடிப்புக்கு உறைந்தாலன்றி ஜனங்களை இறங்க விடமாட்டார்கள். அந்த வருஷமோ காலநிலை உஷ்ணமாயிருந்தபடியால், சறுக்குபாதையின் சரித்திரத்திலே முதல் தடவையாகக் கால்வாய் ஒருநாளேனும் திறக்கப்படவில்லை. ஹேமந்தாதிபதி இரண்டு வாரம் செய்திகளைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்து, கடைசியிற் சாப்பாட்டு மேசையிலே, துக்கச் செய்தி அறிவிக்கும் குரலில், இம்முறை ஒட்டாவா இல்லையென்று பிரகடனம் செய்தார். வருஷந்தோறும் "இந்த முறையும் போகத்தான் வேணுமோ" என்று முணுமுணுத்துவந்த பிள்ளைகள் ஆறுதலடைவார்கள் என்றே அவரும் மனைவியாரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. கணிதப் புலியாகிய மூத்தவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அதெப்பிடி போகாமல் விடுறது?" என்று நடுவிலவன் கேட்டான். இளையவள் அழுதேவிட்டாள். அம்மம்மாவும், தமக்கு வேண்டியதில்லை, பிள்ளைகளுக்காகத்தான் என்ற பீடிகையோடு, அந்த வண்டியைப் பற்றி ஏதோ சொல்லலானார்.

போனார்கள். கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். கேணல் பை அவர்களின் கதையைப் பிள்ளைகளே கேட்டு வாங்கினார்கள். 1980 முதல் பீவர் டெயில் விற்பனையாகிவருகிற பைவார்ட் சந்தைக்குப் போய் ஆளுக்கொன்று வாங்கியுமாயிற்று. ஆனால் ஐஸின் மேல் நின்று தின்றாலன்றி அது கணக்கிற் சேராது என்று இளையவள் பிடிவாதம் பிடிக்கவே, கார் நிறுத்தும் திடலின் மூலையில், முறத்தை இரண்டு மடங்காக்கினாற்போன்ற அளவில் உறைந்து கிடந்த ஒரு குட்டையைக் கண்டுபிடித்து, ஆறு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்று, ஜாக்கெட்டுக்களைக் கழற்றி, வழிப்போக்கர் ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுத்துப் படமும் எடுப்பித்தார்கள்.

படம் அன்றிரவே யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. தம்பி வெகுநேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுதானோ அண்ணை, நீங்கள் சொல்லுற அந்தப் பென்னம்பெரிய ஐஸ் மைதானம்?" என்று கேட்டான்.

"இது அதின்ர கிழக்குக் கரையடா" என்றார் ஹேமந்தாதிபதி.